ஒத்துப்போன கடிகாரங்கள்

அத்தியாயம் பதினொன்று

"...அது வந்துருச்சா அண்ணி?"

"எது?"

"ஜாவா. பதினேழுன்னு காட்டணும்."

"பதினேழுன்னுதான் காட்டுது."

"மிஷின் பேரு?"

"அரியலூர், நடுவுல ஒரு கோடு, அப்பறம் ஒண்ணு. நீ சொன்ன மாதிரியேதான் வச்சிருக்கேன்."

"பென் டிரைவ்ல இருந்தது எல்லாத்தையும் போட்டாச்சா?"

"வரிசையாப் போட்டாச்சு. எதுவும் செவப்பாக் காட்டல."

"நேரம் ஒத்துருக்கா?"

"இரு, பாக்கறேன்." நாற்காலி நகரும் சத்தம். "ஒத்துருக்கு."

"சரி, வச்சிடறேன்."

"தமிழு, காலைல சாப்ட்டி..."

தமிழ்மொழி வைத்துவிட்டாள்.

பெரம்பலூர் செங்கழனி மருத்துவமனையில், மருந்துக் கிடங்கை ஒட்டிய குளிர்ந்த அறை அது. தரையில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். எதிரே கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் சர்வர் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. மறுமுனையில் பேசியது அதே மருத்துவமனையின் அரியலூர்க் கிளையிலிருந்து, அவளுடைய அண்ணன் மனைவி புவனேஸ்வரி. அங்கே வரவேற்புப் பிரிவை அண்ணிதான் பார்த்துக்கொள்கிறாள்.

போன வாரம் வரை இதே விஷயத்தைப் பேச இருவருக்கும் அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஜாவாவுக்கும் மிஷின் பெயருக்கும் நடுவே யார் வீட்டு வளைகாப்பு, எந்தப் புடவை என்று போய் வந்திருப்பார்கள். முந்தாநாள் பஸ் ஸ்டாண்டில் அண்ணி அதைச் சொன்னதிலிருந்து எல்லாம் சுருங்கிவிட்டது.

"இந்த வேலை நல்லபடியா முடிஞ்சா கிளைப் பொறுப்பு எனக்குத்தான்னு சார் சொல்லிட்டாரு தமிழு. அரியலூர்லயே ஒரு வூடு பாத்து வச்சிருக்கோம். உங்க அண்ணனுக்கும் ரெட்டிபாளையம் ஃபேக்டரி பக்கமா இருக்கும். அத்தைகிட்ட இன்னும் சொல்லல."

அண்ணன் அறிவழகனுக்குத் தெரியும். அம்மா இருசம்மாளுக்குத் தெரியாது. தமிழ்மொழிக்கு இப்போது தெரிந்துவிட்டது. அவர்கள் போன பிறகு வீட்டில் அம்மாவும் அவளும் மட்டும்தான்.

இதில் கொடுமை என்னவென்றால், 'இந்த வேலை' என்று அண்ணி சொன்னது தமிழ்மொழியின் வேலை. பாலக்கரை மாடியில் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் நடத்தும் அவளுக்கு மருத்துவமனை வேலை எதுவும் அதுவரை வந்ததில்லை. "எங்க நாத்தனார் செய்வா சார்" என்று நிர்வாகியிடம் அண்ணிதான் போய் நின்றாள். ஆக, அண்ணியை வீட்டை விட்டு அனுப்பிவைக்கும் காரியத்தைத் தமிழ்மொழி தன் கையாலேயே செய்துகொண்டிருந்தாள்.

வேலை இதுதான். இதுவரை மருத்துவமனையின் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒவ்வொரு கடவுச்சொல். நர்ஸ் ஒருத்தி வேலையை விட்டுப் போனால் ஏழெட்டு இடத்தில் அவள் பெயரை அழிக்க வேண்டும். அழிக்க மறந்த இடத்தில் அவள் இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருப்பாள். டைரக்டரி சர்வர் என்ற ஒன்றை நிறுவிவிட்டால், யார் யார் இங்கே இருக்கிறார்கள், யாருக்கு எது திறக்கலாம் என்பதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இரண்டு ஊருக்கும் அதுவே பதில் சொல்லும்.

அதை நிறுவுவது பெரிய காரியமில்லை. அதற்கு முன்னால் செய்து வைக்க வேண்டியதுதான் காரியம். பந்தியில் ஆள் உட்காருவதற்குள் இலையும் தண்ணீரும் உப்பும் வந்திருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு உப்பைத் தேடி ஓடினால் மானம் போகும். இந்த மென்பொருள் இன்னும் மோசம். உப்பு இல்லை என்று வாய் திறந்து சொல்லாது. பேசாமல் எழுந்து போய்விடும்.

அதனால்தான் ஜாவா மாதிரித் தேவையான துணை மென்பொருள்களை எல்லாம் கடையிலேயே இறக்கி இரண்டு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தாள். ஒன்று அவளிடம். இன்னொன்று அண்ணியின் சாப்பாட்டுப் பையில், தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் அரியலூர் போனது. அண்ணிக்கு இது படிப்பில்லை. ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வாள்.

பெரம்பலூர் சர்வர் மதியத்துக்குள் எழுந்து நின்றது. தமிழ்மொழி தன் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள். திறந்தது. உடம்பு லேசானது.

அரியலூரை அதனோடு சேர்த்தாள்.

அனுமதி மறுக்கப்பட்டது.

மறுபடி. மறுக்கப்பட்டது.

அண்ணிக்குப் போன் செய்து முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். ஜாவா சரி. பெயர் சரி. நேரம்?

"காலைலயே சொன்னேனே. ஒத்துருக்கு தமிழு."

கதவு தட்டப்பட்டது. நிர்வாகி வைத்திலிங்கம் உள்ளே தலையை நீட்டினார். மெல்லப் பேசுகிறவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அதனாலேயே எல்லாருக்கும் பயம்.

"என்னம்மா, ஆச்சா?"

"இங்க ஆச்சு சார். அரியலூர் மட்டும் சேர மாட்டேங்குது."

"சாயங்கால ஓபி நாலரைக்குத் தொறக்கும். அதுக்குள்ள வரலன்னா பழையபடியே ஓட்டிக்குவோம். இதே வேலைக்குத் திருச்சிக்காரங்க ஒருத்தங்க காத்துக்கிட்டு இருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "புவனா சொன்னாங்கன்னுதான் உங்களக் கூப்ட்டேன். ஒரு கிளையவே பாத்துக்கறேன்னு சொல்றவங்க, காட்டுற ஆளும் சரியா இருக்கணும்ல" என்றார்.

"நான் நேர்ல போயிப் பாத்துடறேன் சார்."

"போயிட்டு வாங்க. குடை எடுத்துக்குங்க, வெயிலா இருக்கு."

புதிய பஸ் நிலையத்தில் அரியலூர் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடி ஏறினாள். ஜன்னலோரம் கிடைத்தது.

கவுல்பாளையம் தாண்டியதும் இரண்டு பக்கமும் மக்காச்சோளம். சாலையில் எதிரே சிமென்ட் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அவை போன பிறகு வேப்ப மரங்கள் மேலிருந்து கீழ்வரை வெளுத்து நின்றன. பள்ளிக்கூட நாட்களில் அவள் மொழிபெயர்ப்பு நாவல்களாகத் தேடிப் படிப்பாள். அவற்றில் எல்லாரும் பனியில் வண்டி ஓட்டிப் போவார்கள். பனி எப்படி இருக்கும் என்று தெரியாததால் இந்தச் சாலையின் மரங்களைக் கொண்டுபோய் அங்கே நட்டுக்கொள்வாள். இன்றைக்கும் அவள் படிக்கும் புத்தகங்களில் பனி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கிறது. லேசாக டீசல் வாசம் அடிக்கிறது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது.

இன்றைக்கு அரியலூர் சேராவிட்டால்? திருச்சிக்காரர்கள் வருவார்கள். அவளுக்கு அந்த வேலை போகும், போகட்டும். ஆனால் கிளைப் பொறுப்பும் அண்ணிக்கு வராது. வீடு பார்த்தது அப்படியே நிற்கும். ராத்திரி எட்டு மணிக்கு அண்ணி செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்து, "என்ன கொழம்பு?" என்று கேட்பது நிற்காது. அவள் எதையும் கெடுக்கக்கூட வேண்டாம். கண்டுபிடிக்காமல் இருந்தால் போதும்.

நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த எண்ணம் பேரளி வரைக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கூடவே வந்தது.

அரியலூர்க் கிளை, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் நுழைந்ததும் வரவேற்பு மேசைக்கு மேலே சுவர்க் கடிகாரம். மணி சரியாக மூன்று. தமிழ்மொழிக்குத் திக்கென்றது. இவ்வளவு நேரமா ஆகிவிட்டது? மாடிப்படிக்கு ஓடினாள்.

படியில் அண்ணி தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். முகம் வாடியிருந்தது.

"மொதல்ல குடி."

குடித்தாள். வந்து சேர்ந்ததை வைத்திலிங்கத்துக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தாள். போனில் மணி இரண்டு ஐம்பது.

மறுபடி திரும்பி, கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிச் சுவரைப் பார்த்தாள். மூன்று.

"அண்ணி, அந்தக் கடிகாரம்..."

"எது? அதுவா? அது பத்து நிமிஷம் முன்னாடி ஓடும்." மருத்துவமனையில் நோயாளிகள் வருவார்கள் என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

"மேல சர்வர்ல?"

"அதுலயும்தான். அட்டெண்டன்ஸ் மிஷின் அதுலேர்ந்துதானே நேரம் எடுக்குது. முன்னாடி இருந்த பையன்கிட்ட சொல்லி நான்தான் மாத்தி வச்சேன். இல்லன்னா இந்தப் பொண்ணுங்க எட்டு மணி டூட்டிக்கு ஆடி அசைஞ்சு எட்டேகாலுக்கு வரும்."

"ஒத்துருக்குன்னு சொன்னீங்களே."

"ஒத்துத்தான இருக்கு. செவுத்துலயும் அதே, கம்ப்யூட்டர்லயும் அதே, இந்தா இதுலயும் அதே." கையைத் திருப்பி வாட்ச்சைக் காட்டினாள்.

தமிழ்மொழி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அண்ணி குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியவில்லை. துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி, சொல்லிட்டுச் சிரி."

"ரெண்டு மிஷினுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா அது நம்பாது அண்ணி. யாரோ பழைய அனுமதிச் சீட்டத் திருடி எடுத்துட்டு வந்து உள்ள நொழையப் பாக்கறாங்கன்னு நெனச்சுக்கும்."

"அப்ப காலைலேர்ந்து என்னத் திருடின்னா நெனச்சுட்டிருக்கு?"

"ஆமா."

"நல்லா இருக்கே." அண்ணி பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். திடீரென்று ஏதோ நினைவு வந்து நாக்கைக் கடித்தாள். "தமிழு, நீ குடுத்ததுல நேரம் சரி பண்றதுன்னு ஒண்ணு இருந்துச்சுல்ல? அதப் போட்டதும் மணி பின்னாடி போச்சு. அய்யய்யோ, தப்பாக் காட்டுதேன்னு அத மட்டும் நிறுத்தி வச்சுட்டேன்."

தமிழ்மொழியால் கோபப்பட முடியவில்லை. இப்படி ஒரு தவறு எந்த வீட்டிலிருந்து புறப்பட்டு வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

அவர்கள் வீட்டு முன்னறைக் கடிகாரம் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடும். ஃபேக்டரி பஸ் போய்விடக் கூடாது என்று அப்பா செல்லப்பன் வைத்தது. அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. யாரும் அதைப் பின்னால் தள்ளவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, ஏற முடியாது. பேட்டரி தீரும்போதெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறி மாற்றுவது அண்ணிதான். டிவியில் மணி பார்த்து, பத்து நிமிடம் கூட்டி வைத்துவிட்டு இறங்குவாள். சொந்த மகள் ஒரு நாளும் ஏறியதில்லை.

"எல்லாம் உங்க வூட்டுல பழகுனதுதான்" என்றாள் அண்ணி. "கல்யாணமாகி வந்த புதுசுல அதப் பாத்துட்டு அடிச்சுப் புடிச்சு ஓடிப்போயி ஸ்டாப்புல தனியா நிப்பேன். பின்னாடியே உங்க அப்பா மெதுவா நடந்து வருவாரு. வந்து பாத்துச் சிரிப்பாரு."

"நான் மணி என்னன்னு கேட்டிருக்கணும் அண்ணி. ஒத்துருக்கான்னு மட்டும்தான் கேட்டேன்."

"ஏன் கேக்கல?"

"அதிகமாப் பேச வேணாம்னு."

அண்ணி எழுந்து, அவளுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

மாடி அறையில் வேலை சின்னதாகத்தான் இருந்தது. அண்ணி நிறுத்தி வைத்ததைத் தமிழ்மொழி மறுபடி ஓடவிட்டாள். அரியலூர் இனித் தன் நேரத்தைப் பெரம்பலூரிடம் கேட்டுக்கொள்ளும். திரையின் மூலையில் மணி பத்து நிமிடம் பின்னால் வந்தது. சேர்த்துப் பார்த்தாள்.

இந்த முறை மறுப்பு வரவில்லை. சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணி அவள் தோளைப் பிடித்திருந்தாள். பிடி இறுகியது. பிறகு, வரவேற்கிறோம் என்று ஒரு வரி.

இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

முதல் ஆளாக நர்ஸ் ஜைனம்புவை உட்காரவைத்தார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். புதுக் கடவுச்சொல்லை உதடு அசையத் தட்டினாள். திறந்தது. அவள் கண் திரையின் ஓரத்திலிருந்த மணிக்குப் போனது.

"எக்கா, இது என்ன, செவுத்துல ஒரு மணி, இதுல ஒரு மணி?"

"இதுதான் சரியான மணி" என்றாள் தமிழ்மொழி.

ஜைனம்பு அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். மெதுவாக, கணக்குப் போடுகிற முகத்தோடு.

"அப்ப இத்தன மாசமா நான் லேட்டே இல்லியா?"

"நீ அப்பயும் லேட்டுதான்டி. கொஞ்சம் கம்மியா லேட்டு."

"யா அல்லா. ஓடி வந்து ஓடி வந்து ரெண்டு செருப்பு தேஞ்சு போச்சு எனக்கு. எங்கம்மாகிட்ட சொன்னா நாளைக்கே இங்க வந்து நிப்பாங்க, பாத்துக்குங்க."

"வரட்டும். டீ வாங்கித் தரேன்."

நாலரைக்கு ஓபி திறந்தது. கீழே டோக்கன் கூப்பிடும் குரல் கேட்டது. அப்போதுதான் வைத்திலிங்கம் அழைத்தார். தமிழ்மொழி ஸ்பீக்கரில் போட்டாள்.

"இங்கேருந்தே அரியலூர் ஆளுங்க பேரெல்லாம் தெரியுது. சந்தோஷம். என்னம்மா பிரச்சினை?"

அண்ணியின் முகத்திலிருந்த சிரிப்பு நின்றது. ஒரு வார்த்தை போதும் என்று தமிழ்மொழிக்குத் தெரியும். பொய்யே வேண்டாம். நடந்ததை அப்படியே சொன்னாலே பஸ்ஸில் வந்த அந்த எண்ணம் ஜெயித்துவிடும்.

"நேரம் சார். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பாத்திருக்கணும். நான் போன்ல சரியாக் கேக்கல. என் தப்புதான்."

"அங்க நேரம் எப்படித் தப்பாச்சு?"

தமிழ்மொழி வாயைத் திறப்பதற்குள் அண்ணி போனை நோக்கிக் குனிந்தாள். "நான்தான் சார் பத்து நிமிஷம் முன்னாடி வச்சிருந்தேன். பொண்ணுங்க நேரத்துக்கு வரணும்னு."

மறுமுனையிலிருந்து காற்றாடிச் சத்தம் மட்டும் வந்தது.

"நான் என் வாட்ச்ச அஞ்சு நிமிஷம்தான் முன்னாடி வைப்பேன்" என்றார் வைத்திலிங்கம். "பத்து கொஞ்சம் ஜாஸ்தி புவனா. திங்கக்கிழமை இங்க வந்து கிளைப் பொறுப்பு ஆர்டர வாங்கிக்குங்க. வாட்ச்ச மாத்திட்டு வாங்க."

போன் அணைந்தது. அண்ணி நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தமிழ்மொழி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படி இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வெயில் இறங்கிய பிறகு இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். ஜெயங்கொண்டம் வண்டிக்காரர் ஊர்களை ஒரே மூச்சில் கூவிக்கொண்டிருந்தார். பெரம்பலூர் வண்டி இன்னும் வரவில்லை. அண்ணி வறுத்த முந்திரிப் பொட்டலம் ஒன்று வாங்கிப் பிரித்து அவள் கையில் கொட்டினாள்.

"காலைல சாப்ட்டியான்னு கேக்க வந்தேன். வச்சுட்ட."

"சாப்படல."

"தெரியும். மதியமும் சாப்ட்டிருக்க மாட்ட. தின்னு."

தின்றாள். அண்ணி பேசிக்கொண்டே போனாள். புது வீட்டில் இரண்டு அறை. பின்னால் ஒரு முருங்கை மரம். தண்ணீர் நன்றாக வருகிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்துவிடுவோம். நீயும் அத்தையும் நினைத்தபோது வரலாம், ஒரு மணி நேரம்தான். தமிழ்மொழி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். முந்தாநாள் இதையெல்லாம் கேட்கக்கூட நிற்காமல் விலகிப் போனதை நினைத்துக்கொண்டாள்.

அண்ணி வாட்ச்சைப் பார்த்தாள். "வண்டிக்கு நேரமாச்சே."

"பத்து நிமிஷம் இருக்கு அண்ணி."

"அட, ஆமா." வாட்ச்சின் சாவியை இழுத்துத் திருப்பப் போனவள் திருப்பவில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

"பீரோ, கட்டில் எதையும் அங்கேருந்து எடுக்கப் போறதில்ல தமிழு. அதெல்லாம் அத்தைக்கு இருக்கட்டும். உங்க அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன்." மீதி முந்திரியைப் பொட்டலத்தில் போட்டு மடித்தாள். மறுபடி மடித்தாள். "அந்தக் கடிகாரம் மட்டும் எனக்கு வேணும்."

தமிழ்மொழி அவளைப் பார்த்தாள்.

காலையில் கண் விழித்ததும் அம்மா முதலில் பார்ப்பது அதைத்தான். அது முந்தி ஓடுவது தெரிந்தும், ஒவ்வொரு நாளும் ஒரு நிமிடம் பதறி, பிறகு சிரித்துக்கொள்வாள். அதைக் கேட்பதென்றால், அதற்கு முன்னால் அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, இவர்கள் வீடு மாறிப் போகிறார்கள் என்று.

பெரம்பலூர் வண்டி முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே திரும்பியது. ஜனம் நெருக்கியது. அண்ணி ஏறாமல் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் கேட்டா அத்தைக்கு ஒரு மாதிரி ஆயிடும் தமிழு. இன்னைக்கு வூட்டுக்குப் போனதும்... எனக்காக நீ கேளேன்."